மூச்சைத் திரும்பக் கேட்ட பலூன் மாமா

தள்ளாடும் நாற்காலியிலும் தளராமல் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே! பிள்ளைகளைப் பெற்று, பேசவும் பழக்கிவிட்டு, இன்று அதற்காக வருந்தும் தாய்மார்களே! கடைசி வரிசையில் வாயை இறுக மூடி அமர்ந்திருக்கும் என் மாமாவே! அவர் பக்கத்திலேயே அமர்ந்திருக்கும் அத்தையே! அனைவருக்கும் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு ‘உயிராற்றல்’. அகராதியைப் புரட்டினேன். ‘உயிர்வாழச் செய்யும் ஆற்றல்’ என்றது. உப்பு என்றால் உப்பு என்பதுபோல! விளம்பரங்களைப் பார்த்தேன். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் உயிராற்றலாம், தலையணை உறையிலும் உயிராற்றலாம்! தலையணைக்கு எதற்கய்யா உயிராற்றல்? எழுந்து நடக்கவா?

சிரிக்காதீர்கள். இந்தச் சொல் எங்கள் வீட்டு அடுப்பை அணைத்த சொல்!

என் மாமா விழாக்களுக்குப் பலூன் ஊதிக் கட்டுபவர். அவர் அலங்கரித்த மேடையொன்றில் ஒரு பேச்சாளர், “மூச்சுதான் உயிராற்றல், வீணாக்காதீர்!” என்று முழங்கினார். மாமாவின் வாயிலிருந்த பலூன் நழுவி விழுந்தது. இத்தனை காலம் எதை ஊதி விற்றோம் என்று உறைந்துபோனார். அன்றோடு தொழில் நின்றது.

“இத்தனை வருஷமா ஊதி, செத்தா போயிட்டீங்க?” என்றார் அத்தை.

“கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கேன். நீதான் கவனிக்கல.”

என்ன, பம்ப் வாங்கலாமே என்கிறீர்களா? நானும் கேட்டேன். “உசிர் இல்லாத காத்துக்கு எப்படிம்மா கூலி வாங்குறது?” என்றார். என்னே நேர்மை!

பிறகு, ஊதியதை மீட்கப் புறப்பட்டார். வீடு வீடாகக் கதவைத் தட்டினார்.

“பாப்பா பொறந்தநாள் பலூன் இருந்தா குடுங்கம்மா. என் மூச்சு அதுல இருக்கு.”

“அது நேத்தே வெடிச்சிருச்சே அண்ணா!”

மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “சாயங்காலமா? அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு!”

கிடைத்த பலூன்களை அலமாரியில் பூட்டினார். பூசணி போலிருந்தவை கத்தரிக்காயாயின, கத்தரிக்காய்கள் வெண்டைக்காயாயின.

“பத்திரப்படுத்துன உசிரோட லட்சணத்தப் பாருங்க!” என்றார் அத்தை. மாமா வாயை இறுக மூடிக்கொண்டார். பேசினால் மூச்சு செலவாகுமே! அன்று மூடிய வாய், இன்றுவரை திறக்கவில்லை.

அவையோரே! குழந்தையின் கண்ணில் தூசி விழுந்தால் ஊதுகிறாளே தாய், மூச்சுக்குக் கணக்கா பார்க்கிறாள்? வெளியே விட்டால்தானே அடுத்தது உள்ளே வரும்? இறைத்த கிணறு ஊறும்! பாடினால் ஊறும்! பேசினால் ஊறும்! பலூன் ஊதினாலும் ஊறும்! அந்த ஊற்றுக்குப் பெயர்தான் உயிராற்றல்!

இவ்வளவு நேரம் மூச்சை வாரி இறைத்தேனே, நான் குறைந்தேனா, மாமா?

“தொண்ட வறண்டிருக்கும். தண்ணி குடிம்மா!”

கேட்டீர்களா? மாமா பேசிவிட்டார்! யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவார். சட்டைப்பையிலிருந்து மஞ்சள் பலூன் ஒன்றை எடுக்கிறார்… உதறுகிறார்… கன்னம் புடைக்கிறது… கண் பிதுங்குகிறது… அத்தை, மாமாவைப் பிடித்துக்கொள்ளுங்கள்… முடிச்சுப் போட்டுவிட்டார்! உயிரோடும் இருக்கிறார்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. நாளை பிறந்தநாள் கொண்டாடும் வீடுகள் எங்கள் அத்தையை அணுகலாம். வணக்கம்!