குளிரறைக்குள் கேட்ட தட்டல்

அவைக்குத் தலைமை தாங்கும் அருமைக்குரிய சிவகுருநாதன் ஐயா அவர்களே, மூதூரிலிருந்து வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியோர்களே, இறால் உரித்து உரித்து விரல் வெடித்த என் தாய்மார்களே! உப்புவெளி நிரோஷினியின் உளமார்ந்த வணக்கம்.

நான் வேலை செய்யும் இறால் தொழிற்சாலையில் ஒரு பேய் இருந்தது. சிரிக்கிறீர்களா, அண்ணன்மாரே? சிரியுங்கள். குளிரறைக் கதவை அது உள்ளிருந்து தட்டும் என்றார்கள். தடித்த மேலங்கி போட்ட நிரந்தர வேலைக்கார ஆண்களை அது தீண்டியதே இல்லை. நாட்கூலிப் பெண்களைத்தான் தேடியது! ஏன்?

சென்ற மாதம் ஒரு பிற்பகல். இலங்கைத்துறை இராசமலர் அக்கா பெட்டி அடுக்கக் குளிரறைக்குள் போனார். பின்னால் கதவு பூட்டிக்கொண்டது. சற்று நேரத்தில் எழுந்தது அந்தத் தட்டல். மெல்ல... மிக மெல்ல. கத்திகள் நின்றன.

"அது பேய்தான். வேலையைப் பாருங்கோ," என்றார் மேற்பார்வையாளர்.

தமிழ்ப் பெண்களுக்கு ஒரு மேசை, முஸ்லிம் பெண்களுக்கு மறு மேசை. இரண்டுக்கும் இடையே கதைக்கத் தடை. மறு மேசையிலிருந்து எழுந்தார் மூதூர் றிஸ்வியா.

"இராசமலர் எங்க?"

கேட்டபடியே குளிரறைக் கதவை நோக்கி நடந்தார்.

"பேயெண்டாலும் குளிரும்தானே! நான் திறக்கப்போறன்."

திறந்தார். வெண்புகைக்குள் உதடு நீலம் பாரித்து கிடந்தார் அக்கா. எங்கள் கைகளில் சாய்ந்தபடி சொன்னார்: "நான் தட்டினது கொஞ்சம்தான், பிள்ளை. பிறகு கை எழும்பேல்லை. மற்றாக்கள்தான் தட்டினவை."

மற்றவர்களா? உள்ளே எவரும் இல்லை! கதவின் உட்புறத்தில், ஒரு பெண்ணின் தோள் உயரத்தில், நகக் கீறல்கள். பழைய கீறல்கள். பலருடைய கீறல்கள். அவற்றுக்கு மேலே, உள்ளிருந்து திறப்பது எப்படி என்று எழுதியிருந்தது, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், அக்காவுக்கு வாசிக்கத் தெரியாத இரண்டு மொழிகளில்!

பெண் என்பதால் மேலங்கி இல்லை. தமிழ் பேசுவதால் எழுத்து இல்லை. ஏழை என்பதால், கதவைத் தட்டினாலும் கேட்க நாதி இல்லை! இதைவிடப் பெரிய பேய் எது, என் மக்களே?

"நாளைக்கு நீ வர வேண்டாம்," என்று றிஸ்வியாவுக்குச் சொன்னார்கள். ஒரு மேசை எழுந்தது. மறு மேசையும் எழுந்தது. அதன்பின் ஒரு கத்தியும் இறாலைத் தொடவில்லை. வாரம் முடியுமுன் கதவுக்குப் புதுக் கைபிடி வந்தது, தமிழ் வந்தது, றிஸ்வியாவும் வந்தார்.

ஆனால் அக்காவின் விரல்களுக்கு உணர்வு வரவில்லை. நாட்கூலிப் பெண்களுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்கிறது நிர்வாகம். திங்கட்கிழமை காலை அக்காவோடு வாசலில் நிற்போம். அவருக்கு வைத்தியமும் வேலையும் கிடைக்கும்வரை உள்ளே காலெடுத்து வையோம். வருவீர்களா? 'ஓம்' என்கிறீர்கள். உரக்கச் சொல்லுங்கள், துறைமுகம் அதிரட்டும்!

செவிகொடுத்த சபைக்கு நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம், ஸலாம்.