சத்தம் நின்ற வண்டி

இந்த அறை மின்விசிறியில் பேரிங் தேய்ந்திருக்கிறது, ஐயா. அவசரம் ஒன்றும் இல்லை, அடுத்த கோடைக்குள் மாற்றினால் போதும். தொழில்காரன் காது சும்மா இருக்காது, அதனால் சொன்னேன். குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லாரியில் கூடப் போன லோடுமேன் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். நல்ல மனிதர். இரண்டு காலிலும் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிற நிலையிலும் எதையும் ஊதிப் பெரிதாக்காமல் சொல்லியிருக்கிறார். அத்தனையும் சரி. ஆனால் அவருக்குக் கடைசிக் கொஞ்சம்தான் தெரியும். ஆரம்பத்திலிருந்து கேட்டால் என் பக்கத்து நியாயமும் உங்களுக்குப் புரியும்.

லாரி என் மச்சினனுடையது. என் மனைவிக்கு ஒரே தம்பி. பழைய வண்டிதான், எஞ்சின் மட்டும் கல் மாதிரி இருந்தது. ஜல்லி ஏற்றி ஏற்றி முன்பக்கத்து ஸ்பிரிங் பட்டைக் கட்டு தளர்ந்துபோய், பட்டறைக்குக் கொண்டுவந்தான். "கம்பெனி பாகமே போட்டுடலாம் மாமா" என்றான். நான்தான் வேண்டாம் என்றேன். வெளியில் செய்து வருகிற பாகங்களை இந்த வட்டாரத்தில் முதலில் இறக்கி விற்றவன் நான். பட்டை ஒவ்வொன்றும் கனம். பட்டை முனைத் துளையில் செருகுகிற ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலாகக் கெட்டியான பிளாஸ்டிக் புஷ். இதைப் போட்டால் வண்டி யானை மாதிரி நிற்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லிவிட்டுச் சொந்த மச்சினன் வண்டிக்கு வேறு பாகம் போட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

போட்டேன். வண்டி யானை மாதிரிதான் நின்றது. ஓடும்போதுதான் பிரச்சினை.

பள்ளத்தில் இறங்கினால் கீச் என்றது. மேட்டில் ஏறினால் டொக் என்றது. புதுசு, கொஞ்சம் ஓடினால் படிந்துவிடும் என்றேன். படியவில்லை. கிரீஸ் வைத்தேன். இரண்டு பக்கமும் வாஷர் கொடுத்து இறுக்கினேன். அப்போதைக்கு அடங்கும், பிறகு பழையபடி ஆரம்பிக்கும்.

"கிரீஸ் வச்சா தூங்குது மாமா. கண்ணு முழிச்சதும் மறுபடி அழுவுது" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். எதையுமே சிரித்துக்கொண்டு சொல்கிற பையன். அது அவனுடைய சுபாவம், அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

அவனுக்கு இன்னொரு திறமையும் இருந்தது. எந்தச் சத்தத்தையும் வாயால் அப்படியே எடுத்துக் காட்டுவான். டீக்கடையில் ஒரு நாள் வண்டியின் சத்தத்தைச் செய்து காட்டியிருக்கிறான். கீச், டொக், நடுவில் "புதுசு, படிஞ்சிடும்" என்று என் குரல். டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அதற்குப் பிறகு என் பட்டறைக்குக் கீச்சுப் பட்டறை என்று பெயராகிவிட்டது. எனக்கும் கீச்சு என்றே பெயர். புதிதாக வருகிறவர்கள், பாவம், அதுதான் என் பெயர் என்று நினைத்து "கீச்சண்ணே இருக்காரா" என்று மரியாதையாகவே கேட்பார்கள். எத்தனையோ லாரி வைத்திருக்கிற டிரான்ஸ்போர்ட்காரர் ஒருவர் தன் வண்டிகளையெல்லாம் எதிர்ப் பட்டறைக்கு மாற்றிக்கொண்டார். அந்தப் பட்டறைக்காரனுக்கு நட்டைச் சரியாகத் திருகத் தெரியாது. அது வேறு கதை.

ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தவன், அக்காவுக்கும் அதைச் செய்து காட்டினான். என் மனைவி புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

இதற்காகவெல்லாம் ஒருவர்மேல் கோபப்படுகிற ஆள் நான் இல்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் அந்த நாள். பட்டறையில் நாலைந்து டிரைவர்கள் இருந்தார்கள். மச்சினன் வண்டியை விட்டு இறங்கி வந்தான். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. பழைய ரப்பர் புஷ்ஷையே திரும்ப மாட்டிக் குடுத்துடுங்க. இது நமக்குச் சரிப்படல" என்றான்.

பழைய புஷ் என்னிடம்தான் இருந்தது. துடைத்து அலமாரியில் வைத்திருந்தேன், இன்னும் நன்றாக உழைக்கும். கையை நீட்டினால் எடுக்கலாம், மத்தியானத்துக்குள் மாட்டிவிடலாம். டிரைவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேலியாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது கேலியாகச் சொல்லி முடித்திருப்பேன். அவன் அத்தனை பேர் முன்னால் எனக்காகப் பரிதாபப்பட்டான், ஐயா.

"புஷ்ஷுல ஒண்ணும் இல்ல. நீ போய் டீ குடிச்சிட்டு வா" என்றேன்.

ஸ்பிரிங் பட்டையின் முனையை வண்டியோடு சேர்த்துப் பிடிப்பது ஷேக்கிள். வண்டி குலுங்கும்போது அது ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆட வேண்டும். ஆடுவதால்தான் சத்தம். ஆடாமல் செய்துவிட்டால் சத்தம் வருவதற்கு வழியில்லை. ஆகவே ஷேக்கிளையும் பட்டையையும் ஒன்றாகச் சேர்த்து வெல்டிங் வைத்தேன்.

ஸ்பிரிங் பட்டையில் வெல்டிங் சூடு படக்கூடாது. பட்டால் அந்த இடத்தில் இரும்பு பிஸ்கட் மாதிரி ஆகிவிடும், லோடு ஏறி இறங்க இறங்க விரிசல் விடும். இது எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். என் பட்டறைச் சுவரில் 'இங்கே ஸ்பிரிங்கில் வெல்டிங் வைக்கப்படமாட்டாது' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. எழுதியவன் நான். எதிர்ப் பட்டறைக்காரன் வைக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதினேன்.

வெல்டிங்கின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். துருப் பிடிக்கக்கூடாது அல்லவா.

மச்சினன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். வண்டியில் சத்தமே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, மன்னிச்சிடுங்க. சும்மா வாயை வச்சுக்கிட்டு இருக்காம உங்களைக் கிண்டல் பண்ணிட்டேன்" என்றான். போகிற இடமெல்லாம் என் புகழ்தான் பாடினான். கீச்சு என்று கூப்பிடுவது மெல்ல மெல்லக் குறைந்தது. டிரான்ஸ்போர்ட்காரர் திரும்பி வந்தார். என் மனைவி, "எங்க வீட்டுக்காரர் கை வச்சா வச்சதுதான்" என்று போனில் யாரிடமோ சொன்னதை என் காதால் கேட்டேன். நல்ல நாட்கள் அவை.

நான் அப்படியே விட்டுவிடவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியை வரவழைத்து, யாரும் இல்லாதபோது மாற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் என்ன சாக்குச் சொல்வது? நன்றாக ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்கிறீர்கள் என்று கேட்க மாட்டானா? அவன் பட்டறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முன்சக்கரத்தை ஒரு பார்வை பார்ப்பேன். அக்கறை இல்லாதவன் பார்ப்பானா?

பிறகு அந்தப் போன் வந்தது. மலையில் குவாரிக்குப் பக்கத்திலிருந்து பேசினான். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான், அதனால்தான் லோடுமேனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

"மாமா, வண்டி இடப்பக்கமா இழுக்குது. ஸ்டியரிங்கை முறுக்கிப் புடிச்சுக்கிட்டே வரேன். இறக்கத்துக்கு முன்னாடி ஓரங்கட்டியிருக்கேன்."

"சத்தம் வருதா?"

"சத்தமெல்லாம் இல்ல மாமா. அதான் ஒண்ணும் புரியல. நீங்க ஒரு தடவை வந்து பாக்குறீங்களா? இல்ல, லோடை இங்கேயே கொட்டிட்டு வெறும் வண்டியா மெதுவா எறக்கிடவா?"

புத்திசாலித்தனமான கேள்வி. மெயின் பட்டை வெல்டிங் பக்கத்தில் விட்டுப்போய் அச்சு நகர்ந்திருக்கிறது என்று அவன் பாதி சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நான் போயிருக்கலாம். போனால் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும், அவனும் கூடவே கீழே குனிந்து பார்ப்பான். பெயின்டைச் சுரண்டினால் போதும். எனக்கு எதிரே ஸ்டூலில் டிரான்ஸ்போர்ட்காரர் உட்கார்ந்திருந்தார். "என்னவாம்?" என்று கண்ணாலேயே கேட்டார்.

"அது ரோடு சாய்வு. லோடும் ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். நீ தைரியமா எறக்கு" என்றேன்.

"சரி மாமா. நீங்க சொன்னா சரி."

லோடுமேன் இறங்கி நடந்து வருகிறேன் என்று சொன்னாராம். "மாமாவே சொல்லிட்டாருண்ணே, ஏறுங்க" என்று அவன்தான் ஏற்றியிருக்கிறான்.

போனை வைத்துவிட்டு, "சின்னப் பையன், எதுக்கெடுத்தாலும் பயம்" என்று டிரான்ஸ்போர்ட்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். வளைவில் வண்டி உருண்ட செய்தி வந்தபோது அவர் டீயை இன்னும் குடித்து முடிக்கவில்லை.

ஆம், தெரிந்துதான் வெல்டிங் வைத்தேன். பட்டை உடைந்தது தெரிந்துதான் இறக்கச் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

உடலை வாங்கப் போன இடத்தில் என் மனைவி கேட்டாள்: "அவன் உங்களைத்தானே கேட்டான்?" ஆமாம் என்றேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. நீங்கள் விசாரிக்கப் போகும்போது அவளிடம் ஒன்று மட்டும் எடுத்துச் சொல்லுங்கள், ஐயா. மலையடிவாரத்திலேயே ஒரு மெக்கானிக் இருக்கிறான், அவனைக் கூப்பிட்டிருக்கலாம். என் மச்சினன் என்னைத்தான் கூப்பிட்டான். கடைசி நிமிஷம் வரைக்கும் என் வேலைமேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. சொன்னால் அவளுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.