பியாலாவில் இரண்டு தேய்ப்பு

தேநீருக்கு நன்றி, தம்பி. சூடும் சரி, கசப்பும் சரி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குடித்து முடித்ததும் பியாலாவைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். தொழில் புத்தி போகவில்லை. மெருகு ஏறாத அதன் அடிவட்டத்தில் சாம்பல் நிறக் கோடுகள் இருக்கின்றன. இந்தக் காவல் நிலையத்தில் யாரோ இந்தத் தேநீர்க் கிண்ணத்தின் அடியில் கத்தி தீட்டுகிறார். யாராக இருந்தாலும் சொல்லிவையுங்கள்: அது தீட்டுவது அல்ல, அலகைப் புண்ணாக்குவது.

காகிதத்தைக் கொடுத்து, "உங்க வார்த்தையிலயே எழுதுங்க" என்றீர்கள். எழுதுகிறேன். என் பெயர் சத்வல்தி. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறக்கும் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு ஒப்புக்கு விற்று, ஒரு கூடைத் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். சாவு ஏமாந்து போய்விடுமாம். 'விற்று வாங்கியவன்' என்பதுதான் என் பெயருக்குப் பொருள். தவிட்டின் தரம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. வயது ஐம்பத்தொன்பது. சூஸ்த் சந்தையில், கத்திக்காரர்கள் வரிசையின் கடைசியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையால் கத்தி தீட்டுகிறவன். சக்கரம் கிடையாது, மோட்டார் கிடையாது. மூன்று கல், ஒரு தோல் வார், ஒரு வாளித் தண்ணீர், அவ்வளவுதான். சந்தையில் போய்ச் சத்வல்தி எங்கே என்று கேட்டால் விழிப்பார்கள். பியாலா எங்கே என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள்.

அந்தப் பட்டப்பெயரை எனக்கு வைத்தவன் தோஜிமத். கல்யாணப் புலாவ் சமைப்பதில் இந்தப் பக்கத்தில் அவனை மிஞ்ச ஆள் இல்லை; இருந்ததில்லை என்று இறந்தகாலத்தில் எழுத வேண்டுமோ என்னவோ. பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். கல்யாணத்துக்கு முந்தைய நாள், மாலைத் தொழுகை முடிந்ததும், ஆண்களெல்லாம் கூடிக் கேரட் நறுக்குவோம் அல்லவா, அந்தக் கூட்டத்தில்தான் எல்லாம் தொடங்கியது. கேரட் ஒரு சாக்கு. ஒருவரை ஒருவர் வார்த்தையால் மடக்கிக் கேலி செய்வதற்குத்தான் பாதிப் பேர் வருவார்கள். அந்தக் கேலிக்கு ஒரு சட்டம் உண்டு என்பது உங்களுக்கும் தெரியும். அகப்பட்டவன் கோபப்படக் கூடாது. நெஞ்சில் கை வைத்துச் சிரிக்க வேண்டும். அதேபோல், கேலிக்காரனைக் கூட்டத்தில் ஒருவன் பெயர் சொல்லி அழைத்துவிட்டால் அவன் மறுக்கக் கூடாது.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், என் தம்பியின் கல்யாணத்தில், தோஜிமத் தன் அகலக் கத்தியைத் தூக்கிக் காட்டினான். அன்று காலைதான் நான் தீட்டிக் கொடுத்திருந்தேன்.

"எல்லாரும் பாத்துக்குங்க. நம்ம சத்வல்தி ரெண்டு மணி நேரம் உக்காந்து தீட்டின கத்தி இது" என்றான். தலையை அண்ணாந்து, கத்தியைக் கழுத்தில் வைத்து அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தான். கண்ணை உருட்டினான், நாக்கைத் தள்ளினான். பிறகு நிமிர்ந்து, "அடப்பாவி, நிம்மதியா சாகக்கூட விடமாட்டேங்குறானே" என்றான். பக்கத்தில் இருந்த பியாலாவைக் கவிழ்த்தான். அடிவட்டத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, சரக் சரக் என்று தேய்த்தான். ஒரு கேரட்டை எடுத்துத் தலைமயிர்போல நறுக்கி உதறினான். "இப்பத்தாம்ப்பா கத்திக்கு உசுரு வந்துச்சு. சத்வல்திக்குக் கூலி குடுக்குறதுக்குப் பதிலா ஒரு பியாலா வாங்கிடலாம்."

சிரிப்பில் பந்தல் ஆடியது. நானும் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு எல்லாக் கல்யாணத்திலும் அதையே கேட்டார்கள்.

கழுத்தில் வைத்தது கத்தியின் கூர்ப்பக்கம் அல்ல, முதுகு. தூக்கிக் காட்டும்போது கூர் தெரியும். கழுத்துக்குக் கொண்டுபோகும் வழியில் கட்டைவிரலால் ஒரு உருட்டு, முதுகு வந்துவிடும். அத்தனை பேரில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஏன் சொல்லவில்லை என்பீர்கள். கேலிக்கு விளக்கம் சொல்பவனைப் பார்த்து இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள், தம்பி. தவிர, கத்தியைப் பற்றிக் கத்திக்காரன் சொல்வதை இந்த ஊரில் யார் கேட்கிறார்கள்?

வருடங்கள் போயின. மின்கட்டணம் வசூலிக்க வருகிறவர்கூட 'பியாலா அண்ணே' என்றார். என் மனைவி முஹய்யா நல்லவள். இருபது வருடமாக எங்கள் வீட்டில் தேநீர்க் கிண்ணத்தைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "ஏங்க, அதை எடுங்க" என்பாள். எதை என்று எனக்குப் புரிந்துவிடும். எங்கள் இல்லறத்தின் ஒற்றுமைக்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

போன வருடம் என் மகள் மஸ்தூராவுக்குக் கல்யாணம். அங்கும் அந்தக் கூத்து நடந்தது. மருமகளாகப் போன முதல் நாள், அவள் மாமியார் வாசலில் நின்று எல்லோர் முன்னாலும், "பியாலா மக வந்துட்டா, கைதவறிப் போட்டு உடைச்சுடாதீங்கடி" என்றாளாம். மஸ்தூரா தொலைபேசியில் அழவில்லை. "அப்பா, ஒரு தடவையாவது நீங்க அவருக்குப் பதில் சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். அதற்கும் நான் சிரித்தேன். பழக்கம்.

இந்த மாதம் மாவு மில் ஹோஷிம் வீட்டுக் கல்யாணம். அதற்கு மூன்று நாளைக்கு முன்னால் தோஜிமத் வழக்கம்போலக் கத்தியைக் கொண்டுவந்து, கையில் கொடுக்காமல் முறைப்படி துணியின் மேல் வைத்துவிட்டுப் போனான். கூர்ப்பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டேன். பிறகு கத்தியைத் திருப்பிப் போட்டேன்.

முதுகைத் தீட்டுவது லேசான வேலை அல்ல. இரண்டு நாணயக் கனம் இருக்கும். கேரட் நறுக்கும்போது ஆள்காட்டி விரல் முதுகின் மேல் வரும்; அதனால் அந்த இடத்தைத் தொடவில்லை. முனையோரம், கழுத்தில் படுகிற நான்கு விரற்கடை மட்டும் எடுத்துக்கொண்டேன். யாருக்காவது விரலில் பட்டுவிடக் கூடாது என்ற கவலை எனக்கு இருந்தது. நான் ஒன்றும் ஈரமில்லாதவன் அல்ல. முதல் நாள் முழுவதும் சொரசொரப்புக் கல்லில் போயிற்று. இரண்டாம் நாள் இரண்டாம் கல்லில் பிசிறு எடுத்தேன். மூன்றாம் நாள் வழுவழுப்பான பச்சைக் கல்லில் தண்ணீரைச் சொட்டவிட்டுத் தீட்டி, தோல் வாரில் இழுத்து முடித்தேன். புதிதாகத் தீட்டிய இடம் வெள்ளிபோலப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். அக்ரூட் காயின் பச்சைத் தோலைக் கசக்கி அந்தச் சாற்றைத் தடவினேன். பழைய இரும்பின் நிறம் வந்துவிட்டது. அப்படி ஒரு வேலையை நான் அதற்குமுன் செய்ததில்லை. யாரிடமும் காட்ட முடியவில்லையே என்பதுதான் குறை.

ஒரு சிராய்ப்பு விழட்டும், சபையில் அவன் முகம் ஒருமுறை வெளிறட்டும், அந்த ஒரு கணம் அவனைப் பார்த்து ஊர் சிரிக்கட்டும். அவ்வளவுதான் நான் நினைத்தது. நேற்று உங்களிடம் அப்படித்தான் சொன்னேன்.

அன்று மாலை ஹோஷிம் வீட்டு முற்றத்தில் ஐம்பது பேர் இருந்தோம். தரையில் விரிப்பு, நடுவில் கேரட் மலை, ஆளுக்கொரு பலகை. எல்லோரும் தோஜிமத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் எழுந்து நின்றான்.

"ஒரு விஷயம் சொல்லணும். போன மாசம் நான் மக்காவுக்கு உம்ரா போய்ட்டு வந்தேன். இனிமே யாரையும் கேலி பண்றதில்லைன்னு அங்க வச்சு வாக்குக் குடுத்துட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பி நெஞ்சில் கை வைத்தான். நான் இத்தனை வருடம் கை வைத்த அதே இடம். "சத்வல்தி, உன்னை நெறைய நோகடிச்சுட்டேன். மன்னிச்சுடு. கேட்டுக்குங்கப்பா, இவனை இனிமே யாரும் பியாலான்னு கூப்பிடக் கூடாது. இவன் உஸ்தா. கைத்தொழில்ல ஆசான்."

"உஸ்தா, உஸ்தா" என்று ஐம்பது பேரும் சொன்னார்கள். எனக்கு முன்னால் இருந்த பல் மருத்துவர் எழுந்து என் கையைக் குலுக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்தக் கத்தியை எப்படியாவது வாங்கி, முதுகைக் கல்லில் அடித்து மழுக்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

தோஜிமத் உட்கார்ந்தான். பக்கத்து ஆளிடம் அரிசி விலையைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டே கத்தியை எடுத்தான். அவன் இடது கை, அவன் பார்க்காமலே, பியாலாவைக் கவிழ்த்தது. சரக் சரக். இரண்டு தேய்ப்பு. கேலி இல்லை, கண்சிமிட்டல் இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை, ஏனென்றால் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவன் பாட்டுக்குக் கேரட்டை நறுக்க ஆரம்பித்துவிட்டான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இருபத்திரண்டு வருடமும் அவன் கேலி செய்யவில்லை. நான் தீட்டியது போதாது என்று அவன் உண்மையாகவே நினைத்திருக்கிறான். மன்னிப்புக் கேட்டது வாய். கைக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. கேலியைப் பொறுத்துக்கொள்ளலாம். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

"ஏம்ப்பா தோஜிமத்" என்றேன். என் குரல் நன்றாகவே இருந்தது. "உஸ்தாவே கேக்குறேன். கடைசியா ஒருக்கா அந்தக் கழுத்துக் கூத்தைக் காட்டேன். கல்யாண வீடு இப்படி இழவு வீடு மாதிரி இருக்கலாமா?"

கூட்டம் கைதட்டியது. அவன் தலையை ஆட்டினான். "வேணாம்டா, வாக்குக் குடுத்துட்டேன்."

"கேலிக்கு ஆளானவனே கேக்குறான், பாவம் உனக்கில்ல, எனக்குத்தான்" என்றேன். கவனியுங்கள், அது பொய் அல்ல.

சபையில் பெயர் சொல்லி அழைத்தாயிற்று. அவனால் மறுக்க முடியவில்லை. எழுந்தான். என்னைப் பார்த்து, "உஸ்தா, உனக்காகத்தான்" என்றான். கத்தியைத் தூக்கிக் காட்டினான். கட்டைவிரல் உருட்டியது. சிரிப்புக்காக அவன் எவ்வளவு அழுத்துவான், தோல் எவ்வளவு பள்ளம் விழும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இழுத்தான். கண்ணை உருட்டினான், நாக்கைத் தள்ளினான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் ஒரு மூச்சு நேரம் சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன், வலித்திருக்காது. கேரட்டின் மேல் சிவப்பு விழுந்த பிறகுதான் முதல் வரிசையில் இருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

நான் பாய்ந்து ஓடியதைப் பார்த்தவர்கள், நண்பனைத் தாங்க ஓடினான் என்று உங்களிடம் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். நான் கத்தியை எடுக்க ஓடினேன். கேரட் சாற்றில் கிடந்தால் கறை பிடித்துவிடும்.

இழவு வீட்டில் யாருக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை. கை தவறிக் கூர்ப்பக்கம் திரும்பிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, அந்தப் பல் மருத்துவர் சொன்னார்: "அன்னிக்கும் பியாலாவுல ரெண்டு தேய்ப்புத் தேய்ச்சார்ல, நான் பார்த்தேன். அதான் அப்படி எறங்கிடுச்சு. பியாலாக் கூர்னா சும்மாவா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். மாவு மில் ஹோஷிமும்கூடத்தான்.

நான் எழுந்து நேராக உங்களிடம் வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று நீங்கள் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். திருத்த வேண்டாம், பார்க்க நன்றாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். சிராய்ப்புக்காகத்தான் என்று நேற்று சொன்னேன். இரவு யோசித்துப் பார்த்தேன். சிராய்ப்புக்கு முதல் கல்லே போதும். பச்சைக் கல் வேண்டியதில்லை, தோல் வார் வேண்டவே வேண்டாம். முப்பத்தைந்து வருடமாக இதே வேலையைச் செய்கிறவனுக்கு அது தெரியாதா? தெரியும். தோஜிமத்தை நான் கொன்றேன். மூன்று நாள் உட்கார்ந்து, கல் மாற்றிக் கல் மாற்றி, கொல்வதற்கென்றே தீட்டினேன். கிண்ணத்தில் தேய்த்தது கூர்ப்பக்கம், கொன்றது முதுகு. கத்தியை ஆய்வுக்கு அனுப்பும்போது இரண்டையும் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். கிண்ணத்தில் தேய்த்த இடம் ரம்பம்போலப் பிசிறாக இருக்கும். கல்லில் தீட்டிய இடம் கண்ணாடிபோல இருக்கும். வித்தியாசத்தை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

படிவத்தில் பட்டப்பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் உஸ்தா என்று நிரப்பியிருக்கிறேன். ஐம்பது பேர் சாட்சி. அவன் கடைசியாக என்னை அழைத்ததும் அந்தப் பெயரால்தான். சபை முன்னால் கொடுத்த பெயர், திரும்ப வாங்க முடியாது. ஊரிலும் இதற்குள் எல்லோர் வாயிலும் அது பழகியிருக்கும்.

இப்போதுதான் உங்கள் காவலர் கதவைத் தட்டி, "பியாலா" என்றார். தேநீர்க் கிண்ணத்தைத்தான் திருப்பிக் கேட்கிறார். நீட்டினேன்.