படகு கிளப்புக்கு வெறுங்காலோடு

ஈப்போவிலிருந்து லுமுட் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் காலர் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். காலில் மட்டும் ஒன்றுமில்லை.

"இன்னிக்கு மட்டும் சப்பாத்து போட்டுக்குங்க லா. படகு கிளப்புல வெறுங்காலோட விடுவாங்களா?"

"தைப்பூசம் வரைக்கும் போடமாட்டேன்னு முருகன்கிட்ட சொல்லிட்டேன். நான் வெளியவே நிக்கிறேன். மக படகு ஓட்டுறத நீ போய்ப் பாரு."

"உங்கள ஏத்திக்கிட்டு ஓட்டணும்னுதானே அவ கூப்பிட்டா?"

மனைவி மகளுக்குப் போன் போட்டார். மகளின் குரல் எனக்கே கேட்டது.

"அப்பாவ நேரா படகுக்கே கூட்டிட்டு வாங்கம்மா. சப்பாத்த கழட்டிட்டுத்தான் ஏறணும். கிளப்புத் தலைவரே இங்க வெறுங்காலோடதான் நிக்கிறாரு."

அவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

"அவரு எந்தச் சாமிக்கு வேண்டிக்கிட்டாராம்?"