இரண்டாம் கையெழுத்து

பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தால் எனக்குப் பாடம் நன்றாக ஏறும். பாறசாலையில் உட்கார்ந்தால் நெய்யாற்றின்கரை வருவதற்குள் நான்கு பக்கம் முடித்துவிடலாம். நாற்பத்தைந்து வயதில் திரும்பப் படிக்க வந்தவளுக்கு அது போதும்.

நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இரண்டு வருடம். முடித்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டருக்கு அடுத்தபடியாக நின்று மருந்தின் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். அதில் எல்லோரையும் பயமுறுத்துவது உயர்நிலை மருந்தியல். ஒரு மருந்து உடம்புக்குள் எப்படிப் போகிறது, என்ன செய்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்பதுதான் பாடம். எனக்கு அது பிடித்தது.

என்னோடு படிக்கும் ஜிஷாவுக்குப் பிடிக்கவில்லை. ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தாலே அவளுக்குத் தூக்கம் வரும். வீட்டில் ஐந்து வயதுப் பெண் குழந்தை வேறு. பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீள நோட்டைப் பிரிப்பாள்.

"அக்கா சொல்லுங்கோ, நான் எழுதிக்கிடுதேன். அந்தப் புக்கைத் தூக்கினா எனக்குக் கைதான் வலிக்கும், மண்டையில ஒண்ணும் கேறாது."

நான் சொன்னேன். அவள் எழுதினாள். கையெழுத்து அவளுடையது. அதனால்தான் உங்களுக்கு என்மேல் எந்தச் சந்தேகமும் வரவில்லை. யாரும் கூப்பிடாமல் நானாகவே இந்தக் காவல்நிலையத்துக்கு வந்திருக்கிறேன்.

பதினொரு வருடத்துக்கு முன் நாங்கள் இருவரும் வேறொரு ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் இருந்தோம். ஆபத்தான மருந்தைக் கொடுக்கும் முன் இரண்டாவது நர்ஸ் ஒருத்தி பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. நடைமுறை வேறு. மூன்று மணிச் சாயாவுக்கு முன், அன்றைய இரண்டாம் கையெழுத்துகளை எல்லோரும் மொத்தமாகப் போட்டுவிடுவோம்.

அன்று காலை ஒரு குழந்தைக்கு இன்சுலின் எடுத்தேன். ஜிஷாவிடம் சிரிஞ்சைக் காட்டினேன். கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "செரி அக்கா" என்றாள். நான் எடுத்தது பத்து மடங்கு. தப்பு என்னுடையதுதான், அதை நான் என்றும் மறுத்ததில்லை. ஆனால் அந்தத் தப்பைப் பிடிக்கத்தான் இரண்டாவது ஆள்.

குழந்தை பிழைத்தது. இதை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை.

விசாரணை மதியம் நடந்தது. சாயாவுக்கு இன்னும் நேரம் இருந்ததால் கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தது. ஜிஷா, "பிரேமகுமாரி அக்கா எனக்கிட்ட காட்டவே இல்ல" என்றாள். என்னை நீக்கினார்கள். மஸ்கட்டுக்கு விசா வந்திருந்தது, அது போயிற்று. நான்கு வருடம் அம்பூரியில் கணவர் வீட்டு ரப்பருக்குப் பால்வெட்டப் போனேன். கெட்ட வேலை என்று சொல்ல மாட்டேன். கை நடுங்காமல் வெட்டப் பழகினேன். பிறகு வேறொரு ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தப் படிப்பின் முதல் நாள் ஜிஷா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அக்காவைக் கண்டு எத்தற வருசமாச்சு" என்றாள். அவள் மறந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

மருந்துகள் வெளியேறும் வழிக்கு ஓர் அட்டவணை சொன்னேன். இரண்டு பத்தி. இடது பக்கம் சிறுநீரகம், வலது பக்கம் கல்லீரல். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இடது பக்க மருந்துகளைக் குறைக்க வேண்டும். வலது பக்கத்தில் இருப்பவற்றை அதற்காகக் குறைக்க வேண்டியதில்லை. முப்பத்திரண்டு மருந்துகள். முப்பத்தொன்றைச் சரியான இடத்தில் சொன்னேன். டிஜாக்சினை மட்டும் வலது பக்கம் சொன்னேன். இதயத்துடிப்பை அடக்கும் பழைய மருந்து அது. இடது பக்கம் இருக்க வேண்டியது.

தேர்வில் வந்தால் அவளுக்கு ஒரு மார்க் போகும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். தேர்வில் வரவில்லை. இருந்தும் வாரத்துக்கு ஒருமுறை அவளை அந்த அட்டவணையை ஒப்பிக்க வைத்தேன்.

ஏழு மாதம் கழித்து, நாங்கள் பயிற்சியில் இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ததேயூஸ் அப்பச்சன் வந்தார். பூவாறுக்காரர், எழுபத்தொரு வயது. கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டுக் காயலில் சுற்றுலாப் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடியது. டிஜாக்சின் ஆரம்பித்தார்கள். சிறுநீரகம் மெதுவாகக் கெட்டுக்கொண்டிருந்தது.

அங்கே பயிற்சியில் எங்கள் வேலை இதுதான்: காலையில் ஒருத்தி இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அன்றைய அளவை எழுத வேண்டும். இன்னொருத்தி சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். இரண்டு கையெழுத்தும் இருந்தால் டாக்டர் கீழே தன்னுடையதைப் போடுவார். அப்பச்சனின் கட்டிலுக்கு எழுதியவள் ஜிஷா. இரண்டாவது நான்.

எனக்கு அவரைப் பிடிக்கும். மடியில் புத்தகத்தோடு என்னைப் பார்த்துவிட்டால் விடமாட்டார்.

"மக்கா, நீ நர்சா, பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? எப்பம் பாத்தாலும் வாசிப்பு. நான் செத்தா புக்கைப் பாத்துத்தான் அழுவியா?"

கஞ்சியைத் தள்ளிவிட்டு, மகள் ஜெம்மாவிடம் மீன்கறி கொண்டுவரச் சொல்லுவார். இரண்டாம் நாள் ஜெம்மா கொண்டுவந்தாள். அவருக்கு மீன் வாசனையே ஆகவில்லை. வாந்தி எடுத்தார்.

ஜிஷா தாளோடு என்னிடம் வந்தாள். "அக்கா, அப்பச்சனுக்கு வாந்தி உண்டு. கிட்னி ரிப்போர்ட்டும் ஏறிட்டே வருது. டிஜாக்சினைக் கொறைக்கண்டாமா?"

"உன் நோட்டில என்ன இருக்கு?"

நோட்டை எடுத்துப் பார்த்தாள். விரலை வைத்துத் தேடினாள். "லிவராக்கும்."

"பின்ன?"

"அப்பம் கொறைக்கண்டாம்" என்றாள். அவள் முகம் தெளிந்தது. அன்றைய அளவை அப்படியே எழுதினாள். நான் கையெழுத்திட்டேன்.

மூன்றாம் நாள் அவர் மேலே பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மக்கா, லைட்டுக்கெல்லாம் எதுக்கு மஞ்சப் பெயிண்ட் அடிச்சிருக்கிய?"

அந்த மருந்து உடம்பில் மிஞ்சினால் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும். புத்தகத்தில் தடித்த எழுத்தில் உண்டு. ஜிஷா அடுத்த கட்டிலில் இருந்தாள். அவள் புத்தகம் படித்தவளாக இருந்தால் திரும்பியிருப்பாள். அவள் திரும்புகிறாளா என்று பார்த்தேன். திரும்பவில்லை.

"வெயிலு அப்பச்சா, கண்ணை மூடிக் கெடங்கோ" என்றேன்.

"வெயிலுக்க நெறம் எனக்குத் தெரியாதா? அம்பது வருசம் கடல்ல கெடந்தவனாக்கும்" என்றார். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டார்.

நான்காம் நாள் காலை பத்தரைக்குத் துடிப்பு முப்பதுக்கு இறங்கியது. பிறகு நின்றது. முதலில் நெஞ்சை அழுத்தியது நான். முறைப்படி அழுத்தினேன். அருகில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இரத்தத்தில் மருந்து மூன்று மடங்கு இருந்ததாகப் பிறகு அறிக்கை வந்தது. டாக்டர் கேட்டபோது ஜிஷா நோட்டைத் திறந்து காட்டினாள். அவள் எழுத்து, அவள் பத்தி. இடைநீக்கம், காவல்நிலையம், மற்றவை எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். மெலிந்திருந்தாள். சாயா போட எழுந்தவள் அடுக்களை வாசலிலேயே நின்றாள்.

"அக்கா சொன்னதை நான்தான் தப்பா எழுதியிருக்கேன். ஒங்க பேரு வராது, நான் பாத்துக்கிடுதேன். அன்னைக்கு அந்தக் கொச்சுப்பிள்ளைக்க காரியத்தில பயந்துபோயி பொய் சொன்னேன். பதினோரு வருசமா எனக்கு ஒறக்கம் இல்லக்கா. ஒங்க கூட இருக்கணும்னுதான் இந்தப் படிப்புக்கே சேர்ந்தேன். எப்படியாச்சும் ஒருநாள் சொல்லணும்னு."

நான் சாயாவைக் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

அவளை இனி விட்டுவிடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. புத்தகத்தைத் திறந்து பார்க்காதது அவள் குற்றம்தான். நான் வந்தது வேறொன்றுக்கு. அவள் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தின் நகலை எனக்குக் காட்டினாள். அதில் ஒரு வரி இருக்கிறது. 'இரண்டாம் கையெழுத்துகளைப் பிரேமகுமாரி அக்கா சாயாவுக்கு முன் பார்க்காமல் மொத்தமாகப் போட்டார், அவருக்கு எதுவும் தெரியாது.' என்னைக் காப்பாற்ற எழுதியிருக்கிறாள்.

அந்த வரியை அடித்துவிடுங்கள். என்னைப் பற்றி அப்படி ஒரு பொய் ஏட்டில் இருக்கக் கூடாது. நான் ஒருநாளும் வேலையில் அலட்சியமாக இருந்தவள் இல்லை. ததேயூஸ் அப்பச்சனின் தாளில் மூன்று நாளும் அளவைப் பார்த்தேன், இரத்தப் பரிசோதனையைப் பார்த்தேன், அவர் முகத்தையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.