ஜன்னல் கிட்ட உக்கார வெச்சாங்க

...இல்ல சார், நான் கேக்கறேன், ஜன்னல் வழியா வெளிய பாத்தா வியாதியா? நீங்க பாக்க மாட்டீங்களா? எல்லா டாக்குமென்டரிலயும் இதே கூத்து! மனச்சிதைவுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், ஒருத்தனக் கொண்டுபோய் ஜன்னல் கிட்ட உக்கார வெச்சு, பின்னாடி வயலின இழுத்து விட்ருவானுங்க. அப்புறம் புறாக் கூட்டம் பறக்கும். அப்புறம் காதுக்குள்ள யாரோ குசுகுசுன்னு பேசுவாங்க. என் மச்சினன் அதக் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிக்கறான். "எனக்குக் கேக்குற குரலு இவ்ளோ சுத்தமால்லாம் பேசாது மாமா, வாடகை கேக்க வந்தவன் மாதிரி நச்சரிக்கும்"ங்கறான்.

ஆமா, வியாதி அவனுக்குத்தான்! எனக்கு இல்ல! மாடிக்குக் குடி வந்ததும் வராததுமா நீங்களும் எங்க வீட்டுல எடுத்த அந்தப் படத்தப் பாத்துட்டீங்க போல... அதான் ரெண்டு படி தள்ளியே நிக்கறீங்க. கொஞ்சம் இருங்க சார், முழுசாக் கேளுங்க. காருக்கு டிரைவர் தேடறீங்கன்னு சொன்னாங்க, அதான் வந்தேன். வருஷக்கணக்கா ஸ்கூல் வேன் ஓட்டினவன் நான். வண்டில ஒரு கீறல் கெடையாது. படம் டிவில வந்த மறுநாளே ஓனரு சாவிய வாங்கிக்கிட்டு, "நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க"ன்னுட்டாரு!

எப்படி ஆச்சுங்கறீங்களா? படம் எடுக்கறவங்க மச்சினன் கிட்ட போன்லயே பேசி முடிச்சுட்டாங்க, ஆள நேர்ல பாத்ததில்ல. அவங்க கேமராவோட வந்த அன்னிக்குன்னு பாத்து எனக்கு ஜுரம். தாடியும் போர்வையுமா உக்காந்திருக்கேன். இவனோ மழமழன்னு ஷேவ் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டையோட கதவத் தொறந்து, எல்லாருக்கும் காப்பி குடுக்கறான். "யாரு இவரு?"ன்னாங்க. வீட்டோட ஒத்தாசைக்கு இருக்கற தம்பின்னு...

சரி சார், நான்தான் சொன்னேன்! பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கறா, குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குல்ல? "அடுப்படியோட இரு, வாயத் தொறக்காத"ன்னு அவன முன்னாடியே மெரட்டி வெச்சிருந்தேன். பாவி, நெஜமாவே தொறக்கல!

அப்புறம் கேமரா என்னையே சுத்திச் சுத்தி வருது. குடும்பத் தலைவராச்சேன்னு நெனச்சேன் சார்! தலைய சீவிக்கறேன்னேன். ஐயோ வேணாம், இப்படியே அருமையா இருக்குன்னாங்க. கைய உத்துப் பாக்கச் சொன்னாங்க, பாத்தேன். மொட்டமாடில மெதுவா நடக்கச் சொன்னாங்க, நடந்தேன். ஒரு கேள்வி கேட்டாங்களா? கேக்கலயே! மூஞ்சி கெடச்சா போதும், பேச்ச அவங்களே போட்டுக்குவாங்க போல.

இப்ப நான் கொஞ்சம் சத்தமாப் பேசினா, தெருவே "மாத்திரை போட்டாச்சா"ங்குது. எனக்கு ஒண்ணும் இல்லன்னா, "அவங்க ஒத்துக்கவே மாட்டாங்க, படத்துலயே சொன்னாங்களே"ங்குது! மச்சினன் என்னைத் தேத்தறான் சார். "விடுங்க மாமா, நமக்கெல்லாம் கோவம் வந்தா அது கோவத்துல சேத்தி இல்ல, வியாதி. எனக்குப் பழகிப் போச்சு"ங்கறான். நமக்கெல்லாமாம்! ஆனா சும்மா சொல்லக் கூடாது, அன்னிக்குத்தான் எனக்கு நெஞ்சுல சுருக்குன்னுச்சு.

இந்தா, வந்துட்டான். டேய், வியாதி யாருக்குன்னு சார் கிட்ட சொல்லுடா! ...கேட்டீங்களா? "எனக்குத்தான் சார்"னு அவன் வாயாலயே... என்ன சார்? ஏன் அவன் கையப் புடிச்சுக்கறீங்க? பெரிய மனசா? மாமாவுக்காகத் தன் மேல போட்டுக்கறானா? அட கடவுளே!

என்னது... "ராத்திரில அமைதியாத் தூங்குவாரா"வா? அத ஏன் சார் அவன் கிட்டக் கேக்கறீங்க? நான் இங்கதான நிக்கறேன்! என்னைக் கேளுங்க சார்... என்னைக் கேளுங்க!