தவிட்டுப் பிள்ளையும் பழைய ஹில்மனும்

பூரணி, கதவைச் சாத்திவிட்டு இப்படிக் கிட்ட வந்து உட்கார். பனி இறங்கிவிட்டது. மாப்பிள்ளை வாங்கப் போகிற காரைப் பார்த்துச் சொல்ல நான் ஏன் வரமாட்டேன் என்கிறேன் என்று கேட்டாயே, அதற்கு ஒரு கதை இருக்கிறது. சொல்கிறேன். நடுவில் எழுந்து போகாமல் கேள்.

பழைய கார் வாங்குவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. போனதும் பொனட் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே விற்கிறவன் பாடுபட்டு அதைக் கிளப்பி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். கார் சரிவில் கீழ்ப்பக்கம் பார்த்து நின்றால், சமதரைக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். நம் மலையில் எல்லா இடமும் சரிவுதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. பேட்டரி செத்த வண்டியைக்கூட உருட்டிவிட்டுக் கிளப்பிக் காட்டிவிடுவான். கியர் பெட்டி சத்தமே போடாவிட்டால் அதற்கும் சந்தோஷப்பட வேண்டாம். உள்ளே வாழைப்பழத் தோலை அடைத்திருப்பார்கள். மழை நாளில் பெயிண்டைப் பார்க்கவே கூடாது. நனைந்த கார் எல்லாம் புதுக் கார்.

இதெல்லாம் என் வீட்டுக்காரர் இராமையா சொன்னது. தலவாக்கலையில் கராஜ் வைத்திருந்தபோது அவர் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார், நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்போது எங்களுக்குப் பிள்ளை இல்லை. பேச்சு முழுக்க வண்டியைப் பற்றித்தான். அவர் போன பிறகும் கார் வாங்குகிறவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். பேச்சியம்மாக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பார்கள்.

பிரேக்கைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் உன் சின்னம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காளியாயி என் கூடப் பிறந்தவள். உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். அவள் புருஷன் நல்லமுத்து தோட்டத்து லாரியில் கிளீனர். அவளுக்குப் பிறந்த முதல் இரண்டும் பேர் வைக்கும் முன்பே போய்விட்டன. அடுத்தது சுதந்திரம் கிடைத்த வருஷம் பிறந்தது. இதுவாவது தங்க வேண்டுமே என்று, வழக்கப்படி அதைத் தவிட்டுக்கு விற்றார்கள். இது இவள் பிள்ளை இல்லை, வேறு வீட்டுப் பிள்ளை என்று காட்டி எமனை ஏமாற்றுகிற வழக்கம். நான்தான் முறத்தில் தவிடு கொண்டுபோய் வாசற்படியில் வைத்துப் பிள்ளையை வாங்கினேன். மற்றவர்கள் என்றால் அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். காளியாயி காய்ச்சலில் கிடந்தாள், பாலும் இல்லை. அவள் கொஞ்சம் தேறட்டும் என்று சொல்லி நான் பிள்ளையைத் தலவாக்கலைக்கு எடுத்துவந்தேன்.

அந்தப் பிள்ளை நீதான், பூரணி. முறைக்கு நான் உனக்குப் பெரியம்மா.

அழாதே. கடைத்தெருவில் யாராவது எப்போதாவது சொல்லியிருப்பார்கள் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

அவர்கள் உன்னைக் கேட்டு வரும்போதெல்லாம் நான் ஏதாவது சொல்வேன். சளி பிடித்திருக்கிறது, மழை விடட்டும், பஸ்ஸில் பிள்ளைக்கு வாந்தி வரும். பொய் இல்லை, சளி பிடித்துத்தான் இருந்தது. காளியாயி உன்னைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்புவாள். நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சின்னம்மா போயிட்டு வாங்க என்பாய். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே போவாள். நல்ல பெண். கோபப்படத் தெரியாது.

உனக்கு ஆறு வயதானபோது, இராமையா போய்விட்ட பிறகு, நல்லமுத்து லைசன்ஸ் எடுத்தார். சீமைக்குத் திரும்புகிற ஒரு துரை தன் ஹில்மன் காரை விற்பதாகக் கேள்விப்பட்டு, துரையின் டிரைவரோடும் காளியாயியோடும் அதை என் வாசலுக்கே கொண்டுவந்தார். வாடகைக் கார் ஓட்டப்போகிறாராம். தோட்டத்து லயத்தில் இருந்த ஒற்றை அறையை விட்டு நுவரெலியாவில் வீடும் பார்த்தாகிவிட்டதாம்.

"இனி பஸ்ஸு, மழைன்னு சாக்கு சொல்ல முடியாதுக்கா. வண்டியிலயே வந்து எங்க புள்ளைய ஏத்திட்டுப் போயிருவோம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

காளியாயி என் முகத்தைப் பார்க்காமல், "தவிடு வேணும்னா ரெண்டு மூட்டையா திருப்பித் தந்துர்றோம்க்கா" என்றாள். அதுவும் விளையாட்டுப் பேச்சுத்தான். ஆனால் நான் கொடுத்த தவிடு எனக்கு விளையாட்டாக இருந்ததில்லை.

காரில் ஏறி உட்கார்ந்தேன். இப்போது பிரேக்கைச் சொல்கிறேன், கவனமாகக் கேட்டு மாப்பிள்ளையிடம் சொல். வேகமாக மிதித்தால் எந்தப் பிரேக்கும் கல் மாதிரி நிற்கும். மெதுவாக மிதித்து, காலை எடுக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். சேற்றில் வைத்த கால் மாதிரி அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால், உள்ளே எண்ணெய் கசிகிறது. அந்தக் காரைத் தொடக் கூடாது. நல்லமுத்து பழகியது கம்பி பிரேக் வைத்த பழைய லாரியில். அவருக்கு இது தெரியாது. என் கால் தரை வரைக்கும் போயிற்று.

நான் எதுவும் செய்யவில்லை. சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். கார் வழியில் எங்காவது மக்கர் பண்ணும், பழுது பார்க்கக் கையில் இருப்பது கரையும், உன்னைக் கூட்டிப்போவது இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். அவர்கள் அதை வாங்கிக்கொண்டு நுவரெலியாவுக்கு ஏறிப் போனார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஏற்றத்தில் எந்தக் காரும் நல்ல கார்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை உன்னை அழைத்துப்போக வந்தார்கள். நானுஓயாவுக்குக் கீழே இறக்கத்தில், திருப்பத்தில் கார் நிற்கவில்லை. சாலைக்குக் கீழே தேயிலை, அதற்கும் கீழே பாறை. இரண்டு பேருமே அங்கேயே போய்விட்டார்கள். பின் சீட்டில் நீ படுத்து வருவதற்கென்று ஒரு தலையணை போட்டிருந்தார்களாம். அதை யாரோ கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்கள். ரொம்ப நாள் நீ அதில்தான் தூங்கினாய்.

கியரில் வந்திருந்தால் பிரேக் இல்லாமலும் வண்டி அடங்கி வந்திருக்கும் என்று போலீஸ்காரர் சொன்னார். இன்ஜின் அணைந்து கிடந்ததாம். பெட்ரோலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான், கஞ்சன் என்று சாவு வீட்டில் எல்லோரும் பேசினார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

சரி, இவ்வளவு சொன்ன பிறகு அதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன். அது அவருடைய கஞ்சத்தனம் இல்லை. அன்று காரை விட்டு இறங்கும்போது நான்தான் சொன்னேன். "நல்ல வண்டி தம்பி, கண்ண மூடிட்டு வாங்கு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்க. புள்ளைய கூட்டிட்டுப் போக வாறப்ப, நானுஓயா இறக்கத்துல இன்ஜினை அணைச்சுட்டுச் சும்மா உருட்டி விடு. எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் வருவாரு. மிச்சமாகுற காசுல புள்ளைக்கு எதாச்சும் வாங்கிக் குடுக்கலாம்."

இராமையா ஒரு நாளும் அப்படி வந்ததில்லை.

மாப்பிள்ளையை வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போகச் சொல். எனக்குக் களைப்பாக இருக்கிறது, இனி யாருக்கும் எந்தக் காரையும் பார்த்துச் சொல்கிற தெம்பு இல்லை. என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். ஆனால் யோசித்துப் பார், அம்மா இல்லாத பிள்ளை என்று உன்னை யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை.

எழுந்திரு. வயிற்றுப் பிள்ளைக்காரி தரையில் இவ்வளவு நேரம் உட்காரக் கூடாது. உன் வீடு நன்றாக இருக்கட்டும். உன் உலை குறையாமல் கொதிக்கட்டும். மாப்பிள்ளை தீர்க்காயுசாக இருக்கட்டும். என் வாசலுக்கு வந்த மாதிரி, நீ பெறப்போகிற பிள்ளையைக் கேட்டு உன் வாசலுக்கு யாரும் வராதிருக்கட்டும்.